கவனமே கைமுதல்

வாணிகம் செய்யப் புகுவோர்க்குச் சரக்கு, முதல், நாணயம் என்னும் மூன்றும் வேண்டும் என்பது நம் முன்னோர் கருத்து. இம்மூன்றும் உடையவர் எந்த ஊரில் கடை விரித்தாலும் பிழைத்துக்கொள்வர் என்று அவர்கள் நம்பினர். அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. பிறந்த ஊரை விட்டு வந்து, மொழி வேறுபட்ட இடத்தில் கடை வைத்து முன்னேறிய நம்மவர் வாழ்க்கையே அதற்குச் சான்று.

இன்று நம் வீடுகளுக்குள்ளேயே புதிய வாணிகம் ஒன்று தோன்றி வளர்ந்து வருகிறது. அதற்குக் கடைத்தெருவில் இடம் வேண்டா, பெயர்ப்பலகை வேண்டா, முன்பணம் கொடுத்து எடுத்த வாடகை அறையும் வேண்டா. கைப்பேசி ஒன்றும், சமையலறையில் ஓர் அடுப்போ கூடத்தில் ஓர் அலமாரியோ இருந்தால் போதும். சித்தூரிலும் திருப்பதியிலும் மாங்காய்த் தொக்கும் பருப்புப் பொடியும் செய்து விற்கும் இல்லத்தரசியர் உளர். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் சேலை வாங்கி வந்து வாட்ஸ்அப் வழியே விற்போர் உளர். காளத்தியின் கலம்காரித் துணிகளைப் படமெடுத்துக் காட்டி வெளியூர்க்கு அனுப்புவோர் உளர். கணக்கும் ஆங்கிலமும் இணையவழியில் கற்பிக்கும் பட்டதாரிகளும் உளர். சிலர் அமேசான், பிளிப்கார்ட், மீஷோ போன்ற பெருந்தளங்களிலும் தம் சரக்கை வைத்திருக்கின்றனர்.

இவர்களுள் எவரைக் கேட்டாலும் கூறும் குறை ஒன்றே: “நேரம் போதவில்லை.” ஆயின் அவர்தம் ஒருநாள் பொழுதை உற்று நோக்கினால் உண்மை வேறாகத் தோன்றும். குறைந்திருப்பது நேரமன்று, கவனம். பழைய வாணிகத்துக்கு வேண்டிய மூன்றோடு நான்காவதாக ஒரு முதல் இப்புதிய வாணிகத்துக்கு வேண்டியிருக்கிறது. பணமாகிய முதலைக் கடன் வாங்கலாம். கவனமாகிய முதலை எவரும் கடன் தர இயலாது. அதனை நாள்தோறும் எவரெவரோ நம்மிடமிருந்து கேளாமலே எடுத்துச் செல்கின்றனர். அதனைக் காக்கும் வகை யாது என்பதே இங்கு ஆராயத் தக்கது.

மும்மொழி வெள்ளம்

செய்தி மிகுதியால் வரும் இடர் உலகெங்கும் உள்ளது. எனினும் நம் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது மும்மடங்கு எனலாம். இதற்குக் காரணம் இவ்விடத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தோன்றியது. வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்த பகுதிகளும் கடப்பை மாவட்டத்திலிருந்து பிரித்த பகுதிகளும் சேர்ந்து அது அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் அதன் பகுதியாயிற்று. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வாறு எல்லைகள் மாறி வந்தபோதிலும் உறவும் கொள்வினை கொடுப்பினையும் வேலூர், காஞ்சிபுரம், சென்னை எனத் தெற்கே தொடர்ந்து வருகின்றன. பிழைப்போ தெலுங்கு நாட்டில். ஆதலின் நம் வீட்டுக் கைப்பேசியில் ஊர் உறவினர் குழு தமிழில் பேசுகிறது. தெருக் குழுவும் பள்ளிக் குழுவும் தெலுங்கில் பேசுகின்றன. சரக்கு அனுப்புவோரும் வங்கியும் பெருந்தளங்களும் ஆங்கிலத்தில் எழுதுகின்றன. வாணிகம் வளர வழி சொல்லும் யூடியூப் காட்சிகளோ மும்மொழியிலும் ஓயாது வருகின்றன.

2016ஆம் ஆண்டுக்குப் பின் இணையத் தரவின் விலை பெரிதும் குறைந்தது. அதற்கு முன்னர், காசு செலவாகுமே என்னும் அச்சமேனும் ஒரு மடையாக நின்று வெள்ளத்தைத் தடுத்தது. இன்று அம்மடையும் இல்லை. ஏரிக்குக் கரை வேண்டும் என்பதை உழவர் குடியிற் பிறந்த நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கரையில்லாத இடத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் பயிருக்கு உதவாது.

அறிஞர் கண்டவை

செய்தி மிகுதி என்னும் இடர் கைப்பேசியோடு பிறந்ததன்று. நிறுவன ஆட்சி பற்றி 1964இல் நூல் எழுதிய பெர்ட்ரம் கிராஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதனைப் பெயரிட்டு விளக்கினார். 1970இல் ஆல்வின் டாப்ளர் தம் நூலொன்றின் வாயிலாக அதனை உலகறியச் செய்தார். பின்னர் 1978இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், 1971ஆம் ஆண்டிலேயே இதன் வேரைக் காட்டினார். செய்தி என்பது அதனைப் பெறுவோரின் கவனத்தைத் தின்று வாழ்கிறது. ஆதலின் செய்தி பெருகப் பெருகக் கவனம் வறுமையுறும் என்பது அவர் கூறியதன் கருத்து. அக்காலத்தில் வீட்டுக்கு வீடு தொலைபேசிகூட இல்லை என்பதை நினைக்க வேண்டும்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் என்னும் ஆராய்ச்சியாளர், மக்கள் கணினித் திரையில் ஒன்றனை எவ்வளவு நேரம் நோக்குகின்றனர் என்று பல்லாண்டு அளந்தார். 2004ஆம் ஆண்டளவில் அது சராசரி இரண்டரை நிமிடமாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 47 விநாடியாகக் குறைந்துவிட்டது. சோஃபி லிராய் என்னும் மற்றோர் அறிஞர் 2009இல் வேறோர் உண்மையை வெளியிட்டார். ஒரு வேலையை முடிக்காமல் விட்டு மற்றொன்றுக்குச் செல்வோரின் மனம் முழுதும் புதிய வேலைக்குச் செல்வதில்லை. அதில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. பாதிப் பானையைக் கழுவி வைத்துவிட்டுப் பாயசம் காய்ச்சப் போவது போன்றது இது.

கணக்கிட்டுப் பார்ப்போம். பகற்பொழுதில் 30 முறை கைப்பேசி அழைத்து நம் கையை நிறுத்துவதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து, பதில் எழுதி, மீண்டும் விட்ட இடத்தைப் பிடிக்க 5 நிமிடம் ஆவதாகவும் கொள்வோம். மொத்தம் 150 நிமிடம். இரண்டரை மணி நேரம் எங்கே போயிற்று என்று தெரியாமலே போயிற்று. அந்நேரத்தில் எத்தனை புட்டிகளை நிரப்பி மூடியிருக்கலாம், எத்தனை பொதிகளைக் கட்டி முகவரி எழுதியிருக்கலாம் என்பதை அவரவரே எண்ணிக்கொள்க.

இழப்பு நேரும் இடங்கள்

நேரம் போவது முதல் இழப்பு. அதனினும் பெரிய இழப்புகள் மூன்று உள.

ஒன்று, சொல் தவறுதல். பத்துக் குழுக்களின் வாழ்த்துச் செய்திகளுக்கும் சிரிப்புப் படங்களுக்கும் நடுவே, “அரைக் கிலோ, காரம் குறைவாக” என்று ஒருவர் எழுதிய வரி மறைந்துவிடுகிறது. ஒரு கிலோ காரமாகச் சென்று சேர்கிறது. வாங்கியவர் சண்டையிடமாட்டார், மறுமுறை வாங்கமாட்டார். முன்னோர் நாணயம் என்று போற்றியது இவ்வாறு கவனக் குறைவால் கரைகிறது.

இரண்டு, சரக்குக்குச் சரக்கு தாவுதல். இன்று ஊறுகாய், நாளை சேலை, மறுநாள் செயற்கை நகை. எவர் எதனை விற்றுப் பணம் சேர்த்தார் என்று கேள்விப்பட்டாலும் அதன்மேல் மனம் செல்லுகிறது. வகை மிகுந்தால் விற்பனை மிகும் என்று நினைப்பதும் எப்போதும் சரியன்று. இந்திய மரபினரான ஷீனா ஐயங்கார் மார்க் லெப்பருடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. கலிபோர்னியாவில் ஒரு கடையில் ஒரு வேளை 24 வகைப் பழப்பாகும் மற்றொரு வேளை 6 வகைப் பழப்பாகும் சுவைத்துப் பார்க்க வைத்தனர். 24 வகையைக் காணவே மிகுதியானோர் நின்றனர். ஆனால் நின்றவருள் வாங்கியவர் நூற்றுக்கு 3 பேரே. 6 வகை வைத்தபோது நின்றவருள் நூற்றுக்கு 30 பேர் வாங்கினர். எல்லா இடத்தும் இவ்வாறே நிகழும் என்பதில்லை எனப் பிந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் ஆறு வகையைச் செம்மையாகச் செய்பவர், இருபது வகையை அரைகுறையாகச் செய்பவர்க்குத் தோற்பதில்லை.

மூன்று, ஏமாறுதல். வாணிகம் வளர்க்கும் வழியைக் கற்பிப்பதாகக் கூறி, கட்டணம் வாங்கிக்கொண்டு, எங்கும் இலவசமாகக் கிடைப்பதையே தருவோர் பலர். அவர்களிற் பலர்க்கு வாணிகமே அந்தக் கட்டணந்தான். இவர்களினும் கொடியவர், பணம் அனுப்புவதாகச் சொல்லிப் பணத்தைப் பறிப்போர். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண்ணை எவரும் கேட்க வேண்டியதில்லை. அது பணம் கொடுப்பதற்கு மட்டுமே உரியது. இதனை அறியாதார் இன்று மிகச் சிலர். அறிந்தவரும் ஏமாறுவது ஏன்? அடுப்பில் ஒரு கண்ணும் கைப்பேசியில் ஒரு கண்ணுமாக இருக்கும் வேளையில் அச்செய்தி வருவதே காரணம். சிதறிய மனத்துக்குத் தான் அறிந்ததே நினைவுக்கு வருவதில்லை. ஒருவேளை அவ்வாறு பணம் பறிபோனால் நாணிக் காலம் கழிக்காமல் உடனே 1930 என்னும் அரசு எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

காளத்தி காட்டும் வழி

நோய் இவ்வாறாயின் மருந்து யாது? நமக்கு அணித்தேயுள்ள ஒரு தொழிலைக் கண்டால் வழி விளங்கும்.

திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவில், பொன்முகலியாற்றங்கரையில் உள்ளது திருக்காளத்தி. அங்குக் கலம்காரித் தொழில் வாழையடி வாழையாக நடந்து வருகிறது. கலம் என்பது பாரசீக மொழியில் எழுதுகோலைக் குறிக்கும். அச்சுக் கட்டை கொண்டு பதிக்காமல், மூங்கிற் கோலால் துணிமேல் கையாலேயே வரைவது காளத்திப் பாணியின் சிறப்பு. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

அக்கலைஞர் கோலை எடுப்பதற்கு முன் செய்யும் வேலையே நாம் கற்க வேண்டியது. பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த பாலில் தோய்த்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துகின்றனர். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பற்றச் செய்யும். பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாது. இவ்வாறு பதப்படுத்தாத துணியில் எத்துணைக் கைதேர்ந்தவர் கோடு இழுத்தாலும் மை ஊறிப் பரந்து கோடு கறையாகும். கை நல்லது, மை நல்லது, கோலும் நல்லது. துணி பதமாகவில்லை, அவ்வளவே.

கருமையான மையைச் செய்வதும் அவசரத்தில் ஆவதன்று. இரும்புத் துண்டுகளும் வெல்லமும் நீரில் பல நாள் ஊறிப் புளித்தாக வேண்டும். வரைந்தபின் படிகாரம், அதன்பின் சிவப்பு, அதன்பின் மற்றை நிறங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. இடையே அலசுதலும் உலர்த்தலும் உண்டு. எல்லா நிறத்தையும் ஒரே நாளில் இட முயல்பவர் எந்த நிறத்தையும் பெறார்.

நம் மனமும் அத்துணி போன்றதே. திறமையோ அறிவோ நம் வீட்டு வணிகர்க்குக் குறைவில்லை. காலையில் எழுந்தவுடன் கைப்பேசியைத் திறந்து நூறு செய்தியைப் படித்தபின் வேலையைத் தொடங்குவோர், பதமாகாத துணியில் கோடு இழுக்கின்றனர். அன்று செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதி, அவற்றுள் முதன்மையானதை ஒரு மணி நேரமேனும் செய்தபின் கைப்பேசியைத் திறப்போர், துணியைப் பாலில் தோய்த்து உலர்த்தியவர் ஆவர். பின்னர் வரும் செய்தி அவர்தம் கோட்டைக் கறையாக்காது.

மலைமேல் ஒரு பாடம்

செய்திகளை அறவே தடுத்தல் வணிகர்க்கு இயலாது, தடுக்கவும் கூடாது. வாங்குவோர் குரலும் அவற்றினுள்தானே வருகிறது? ஆதலின் வேண்டுவது தடை அன்று, வரிசை. வரிசைக்குத் திருமலையை விடச் சிறந்த சான்று எங்கே உண்டு?

நாள்தோறும் பல்லாயிரவர் அங்கு வருகின்றனர். அனைவரும் ஒரே நேரத்தில் சந்நிதிக்குள் புகின் ஒருவரும் வழிபட இயலாது. அதனால் வைகுண்டம் வரிசை வளாகத்தில் அறை அறையாக அமர்த்தி, ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடுகின்றனர். இணையவழியில் முன்பதிவு செய்வோர்க்கு நாளும் நேரமும் குறித்துச் சீட்டு வழங்குகின்றனர். காத்திருப்பவர் எவரையும் அவமதித்ததாக எண்ணுவதில்லை. முறை வரும் என்று அறிவர். நம் கைப்பேசிக்கு வரும் செய்திகளையும் இவ்வாறே காத்திருக்கச் செய்யலாம். வந்த செய்தியெல்லாம் வந்த கணத்திலேயே நம் மனத்தின் கருவறைக்குள் புக வேண்டும் என்னும் விதி இல்லை.

அம்மலையிலேயே மற்றொரு வரலாறும் வழங்குகிறது. இராமானுசரின் சீடராகிய அனந்தாழ்வான், ஆசிரியர் விருப்பப்படி திருவரங்கத்தை விட்டுத் திருமலைக்குக் குடிபெயர்ந்து, நந்தவனம் அமைத்துப் பூத்தொண்டு செய்து வந்தார். ஒருநாள் அவர் மாலை தொடுத்துக்கொண்டிருந்தபோது வேங்கடவனே ஆள் அனுப்பி அழைத்தானாம். அவர் எழவில்லை; மாலையைத் தொடுத்து முடித்த பின்னரே சென்றாராம். வைணவ மரபு இதனைச் செருக்காகக் கூறவில்லை. தொண்டின் உறுதியாகவே போற்றுகிறது. தான் செய்ய வந்த பணி இன்னதென்று தெளிந்தவர்க்கு, அழைப்பு எத்துணைப் பெரிதாயினும் கைவேலையை முடித்துச் செல்லும் துணிவு இருந்தது. நமக்கோ, முன்பின் அறியாதவர் அனுப்பிய காலை வணக்கப் படத்துக்காகவும் கைவேலை நிற்கிறது.

ஓர் ஐயமும் விடையும்

“பதில் எழுதத் தாமதித்தால் வாங்குவோர் வேறிடம் போய்விடமாட்டார்களா?” என்று கேட்பது இயல்பு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. கட்டிய பூவும் சுடச்சுட உணவும் விற்போர் உடனே பதில் தரத்தான் வேண்டும். அவர்தம் சரக்கே அத்தகையது. ஆனால் தொக்கும் பொடியும் சேலையும் வாங்குவோர் ஐந்து நிமிடத்தில் விடையை எதிர்பார்ப்பதில்லை. எப்போது விடை வரும் என்று தெரிந்தால் போதும். தெரியாமையே அவர்களை அலைக்கழிக்கிறது. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், நாம் இல்லாத வேளையில் தானே விடையளிக்கும் வசதி உள்ளது. “காலை பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஏழு மணிக்குப் பதில் தருவோம்” என்று ஒருமுறை எழுதி வைத்தால் அது நம் பொருட்டுப் பேசிக்கொண்டிருக்கும். அச்சொல்லைத் தவறாமல் காப்பதே நம் பொறுப்பு. விரைந்து வரும் விடையைவிடப் பிழையற்ற விடையே வாங்குவோரை நிறுத்தும்.

“புதியன அறியாமல் பின்தங்கிவிடமாட்டோமா?” என்பது மற்றோர் ஐயம். கேள்விக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரே, தெரிந்துசெயல்வகைக்கும் வினைத்திட்பத்துக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். கேட்பது ஒன்று, ஆராய்ந்து தொடங்குவது ஒன்று, தொடங்கியதை உறுதியோடு முடிப்பது ஒன்று. இன்று முதலாவதே நாள் முழுதையும் கொள்ளை கொள்கிறது. ஊறுகாய் விற்பது எப்படி என்று பத்துக் காட்சிகளைக் கண்டவர், தாம் வேலை செய்ததாகவே களைப்படைகிறார். புட்டியோ நிரம்பவில்லை.

விடக்கூடாதவை

விட வேண்டியவற்றைச் சொன்னோம். விடக்கூடாதவையும் உள. எல்லையோரத்தில் வாழும் நமக்கு அவற்றுள் தலையாயது வரி விதி.

2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து, பதிவு வரம்புக்கு உட்பட்ட சிறு வணிகர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே, சேர்க்கை எண் ஒன்று பெற்று, இணையப் பெருந்தளங்களில் சரக்கு விற்க வழி பிறந்தது. ஆயின் அச்சலுகை தம் மாநிலத்துக்குள் விற்போர்க்கே உரியது. சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணமே. நம் உறவுக்கு அது அடுத்த தெரு. வரிச் சட்டத்துக்கோ அது அடுத்த மாநிலம். எல்லை கடந்து வரிக்குரிய சரக்கை விற்பவர்க்குப் பொதுவாகப் பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. இவ்வொரு செய்தி, ஆயிரம் வாழ்த்துப் படங்களுக்கு நடுவே நம் கண்ணிற்படாமல் போகுமாயின் நேரும் இடரைச் சொல்ல வேண்டா. அவ்வாறே உணவுப் பண்டம் விற்போர் வீட்டிலேயே செய்தாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு பெற்றாக வேண்டும். இவற்றைக் கணக்கர் ஒருவரிடம் நேரிற் கேட்டுத் தெளிவது, நூறு காட்சிகளைக் காண்பதினும் நன்று.

எச்செய்தி வேண்டும், எது வேண்டா என்று பிரிக்க மூன்று கேள்விகள் போதும். இச்செய்தி இவ்வாரம் என் செயல் ஒன்றை மாற்றுமா? இதனை நாளை அறிந்தால் எனக்கு இழப்பு உண்டா? இதனைச் சொல்பவர் இதனால் பெறும் ஊதியம் யாது? முதல் இரண்டுக்கும் இல்லை என்பது விடையாயின் அச்செய்தி காத்திருக்கலாம். மூன்றாவதற்கு விடை தெரியவில்லையாயின் அதனை நம்பாதிருக்கலாம்.

நடைமுறை

நாளை முதலே மேற்கொள்ளத் தக்கவை சில கூறுவோம்.

வாணிகத்துக்கெனத் தனி எண் வைத்துக்கொள்க. குடும்பக் குழுக்களும் தெருக் குழுக்களும் அவ்வெண்ணில் வரவேண்டா. பழைய எண்ணில் உள்ள குழுக்களின் ஒலியை அடக்கி வைக்க. குழுவை விட்டு வெளியேறினால் உறவினர் வருந்துவர். ஒலியை அடக்கினால் எவரும் அறியார்.

வரும் தேவைகளை எழுத ஒரே குறிப்பேடு வைத்துக்கொள்க. பெயர், பொருள், அளவு, தொகை, அனுப்பும் நாள் ஆகிய ஐந்தும் எழுதிய பின்னரே அடுத்த செய்தியைத் திறக்க. நம் தாத்தாமார் மளிகைக் கடையில் பேரேட்டை இவ்வாறே எழுதினர். கடனும் வரவும் பிசகவில்லை.

கிளறும்போதும் பொதி கட்டும்போதும் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஏட்ரியன் வார்டும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வில், கைப்பேசியை மேசைமேல் வைத்திருந்தவரைவிட வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர் மனப்பயிற்சிகளைச் சிறப்பாகச் செய்தனர். பின்வந்த ஆய்வுகள் சில அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. எனினும் எட்டாத இடத்தில் உள்ளதைக் கை தேடாது என்பதற்கு ஆய்வு வேண்டுவதில்லை.

கற்பதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குக. காட்சியைத் திறப்பதற்கு முன் நாம் அறிய விரும்பும் கேள்வியைத் தாளில் எழுதுக. விடை கிடைத்ததும் மூடுக. ஒரு திங்களுக்கு ஒரு பொருளே கற்க: இத்திங்கள் புட்டியை அடைத்துக் காத்தல், அடுத்த திங்கள் படமெடுத்தல், அதற்கடுத்தது கணக்கு. மாம்பழக் காலம் ஓரிரு திங்களில் முடிந்துவிடும். சித்தூரின் கிளிமூக்கு மாங்காய் சந்தையில் குவியும் அந்நாள்களில் கற்பதை நிறுத்திக் கைவேலை ஒன்றே செய்க. காலமறிதல் என்பது இதுவே.

வீட்டாரும் சங்கமும்

இவையனைத்தையும் ஒருவரே செய்து முடிப்பது அரிது. வீட்டார் துணை வேண்டும். இவ்வாணிகத்தை நடத்துவோர் பெரும்பாலும் பெண்டிர். வீட்டிலேயே இருப்பதால் அவர்கள் எப்போதும் ஓய்வாயிருப்பதாகப் பிறர் எண்ணுகின்றனர். அலுவலகம் செல்லும் கணவரைக் காலை பதினொரு மணிக்கு அழைத்து, சாவி எங்கே என்று கேட்போமா? மனைவியின் கடைநேரமும் கடைநேரமே என்று வீட்டார் மதிப்பராயின் பாதித் துன்பம் நீங்கும். குறித்த இரண்டு மணி நேரம் அவரை அழைப்பதில்லை என்று பிள்ளைகளும் பழகட்டும். அவ்வேளை முடிந்தபின் அவரும் கைப்பேசியை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு இருக்கட்டும். தமிழ்ப் பள்ளிகள் அருகிவரும் இவ்விடத்தில், பிள்ளைகள் தாய்மொழியை நிறையக் கேட்பது பெற்றோர் வாயிலாகத்தான். பெற்றோர் கவனம் திரையிலேயே இருப்பின் வாணிகம் ஒன்று மட்டுமா நலியும்? வீட்டில் தமிழும் நலியும்.

சங்கத்தாலும் ஓர் உதவி ஆகும். நூறு குடும்பங்கள் தனித்தனியே நூறு செய்திகளைப் படித்துக் குழம்புவதை விட, வரி, உணவுப் பதிவு, அஞ்சற் கட்டணம், வங்கி விதி ஆகியவற்றுள் ஒவ்வொன்றை ஒருவர் ஏற்றுக்கொண்டு, மாதம் ஒருமுறை கூடும்போது பத்து நிமிடம் சொல்லலாம். ஐயங்களை அங்கேயே கேட்கலாம். ஒருவர் படித்துப் பலர் கேட்பது நம் திண்ணைகளில் வழங்கிய பழக்கமே. செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்க ஊரே கேட்ட காலம் நெடுந்தொலைவில் இல்லை. அன்று தாள் ஒன்று, கேட்போர் பலர். இன்று தாள் பல, கேட்போர் ஒருவர். மீண்டும் பழைய முறைக்குத் திரும்பினால் சுமை பகிரப்படும். ஏமாற்றுக்காரர் பேச்சும் பலர் முன்னிலையில் எளிதில் வெளிப்படும்.

ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு நிலமும் நீண்ட உறவும் துணையாக இல்லாதபோது, கைத்திறனும் சொல் தவறாமையுமே துணை நின்றன. அவ்விரண்டையும் காப்பது இன்று கவனம். காசை முடிச்சிட்டு வைத்துச் செலவழித்த தாய்மார் வழிவந்த நாம், கவனத்தையும் முடிச்சிட்டு வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் அவிழ்ப்போமாக.